குவாரியின் விளிம்பில் ஒரு புல்வெளி: காப்பாற்ற முடியுமா, பெயர்த்து வைக்கலாமா?

இயங்கிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றின் விளிம்பில் அரிய புல்வெளித் துண்டு ஒன்று எஞ்சியிருக்கிறது. குவாரி நடக்கும்போதே அதைக் காப்பாற்ற முடியுமா, இல்லையென்றால் நிர்வாகம் சொல்வதுபோல் புல்தரையை அப்படியே பெயர்த்தெடுத்து வேறோரிடத்தில் பதித்துவிடலாமா என்பது கேள்வி. முதல் பாதிக்கு என் பதில், முடியும் என்பதே. இரண்டாம் பாதிக்கு, வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்பேன். அப்போதும் அதைக் ‘காப்பாற்றினோம்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் விளக்குவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த குவாரியோரப் புல்வெளிகளில் வெடியும் லாரியும் செய்த சேதத்தைவிட, நல்லெண்ணத்தோடு செய்த காரியங்களால் வந்த சேதமே அதிகம். நல்ல மண் கொண்டுவந்து கொட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், சுற்றிலும் வேலி போட்டுவிட்டு மறந்துபோவார்கள்.

இது ஏன் சேதமாகிறது என்பது புரிய, அரிய புல்வெளி எதனால் அரியதாகிறது என்று பார்க்க வேண்டும். புல்வெளி என்றதும் வளமான மண் நினைவுக்கு வருகிறது. இங்கே நிலைமை நேர்மாறானது. பாறைமேல் நாலு விரற்கடை மண் மட்டும் இருக்கும் இடத்தில், பாஸ்பரஸும் நைட்ரஜனும் போதாமல், வெயில் காலத்தில் ஈரமும் நிற்காமல், எந்த ஒரு செடியும் தலைதூக்கி மற்றவற்றை நசுக்கிவிட முடியாத நிலையில்தான் ஏராளமான இனங்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றும் தொடர்ந்து நடக்கும் ‘பார்க் கிராஸ்’ சோதனை இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. ஒரே வைக்கோற்புல் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு உரமே இடாமலும் சிலவற்றுக்கு ஆண்டுதோறும் உரமிட்டும் வருகிறார்கள். உரமே காணாத பாத்திகளில் 30க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு சேர்க்காமல் அம்மோனியம் சல்பேட்டை மட்டும் ஏராளமாகக் கொட்டிய பாத்திகளில் இரண்டு மூன்று புல்லினங்களே மிஞ்சியிருக்கின்றன. ருமேனியாவின் புல்வெளி ஒன்றில் 0.1 சதுர மீட்டருக்குள் 43 தாவர இனங்களும், அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி ஒன்றில் ஒரே சதுர மீட்டரில் 89 இனங்களும் பதிவாகியுள்ளன. அவ்வளவு சிறிய பரப்பில் மழைக்காடுகூட அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை.

தூரத்திலிருந்து பார்க்கும் குவாரி மேலாளருக்கு இது தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெளிறிய, கட்டையான, ஆங்காங்கே கல் தெரியும் ஒரு தரையைத்தான் அவர் பார்க்கிறார். ஒரு சதுர மீட்டர் மரச்சட்டத்தை அந்தத் தரையில் வைத்து, முழங்காலிட்டு, லென்ஸைக் கண்ணருகே பிடித்தால்தான் காட்சி மாறும். புல் என்று நினைத்ததில் பாதி கோரை இனமாக இருக்கும். அதனடியில் காட்டுத்தைம் செடியின் நூல்போன்ற தண்டு தரையோடு படர்ந்திருக்கும். கசக்கினால் கையில் மணம் ஒட்டிக்கொள்ளும். தண்டுகளுக்கிடையே மிளகளவுகூட இல்லாத நத்தை ஓடுகள், பாசி, வெறும் மண்ணில் எறும்பு தோண்டிய துளை. ஒரு சட்டத்தைப் பதிவுசெய்து முடிக்க எனக்கு அரை மணி நேரமாவது ஆகும். மேலாளரை ஒருமுறையாவது அந்தச் சட்டத்தருகே முழங்காலிட வைப்பது, அவருக்கு அனுப்பும் எந்த அறிக்கையைவிடவும் பலன் தரும் என்பது என் அனுபவம்.

ஒரு குவாரியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய பகுதியைத் தோண்டத் தொடங்கியபோது மேலே கிடந்த வளமான வயல் மண்ணை எங்கே கொட்டுவது என்ற பேச்சு வந்தது. புல்வெளி ‘காய்ந்து கிடக்கிறதே’ என்று இரக்கப்பட்டு, அதன் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு லாரி மண்ணைப் பரப்பிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்த மூலை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அடுத்த பருவத்தில் அங்கே இடுப்பளவு முரட்டுப் புல்லும் செந்தட்டி வகைகளும் நெருஞ்சில்களும்தான் இருந்தன. மண்ணை வழித்தெடுத்துவிடலாம் என்றாலும், அதிலிருந்து கசிந்து கீழே இறங்கிய பாஸ்பரஸை எடுக்க வழியில்லை. அது மண் துகள்களைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் அங்கேயே நிற்கும். ஆகவே மேல்மண் எங்கே போகிறது என்பதை எழுத்தில் வாங்குவதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

வேலியைப் பற்றிச் சொல்ல, பெரிய நீலப் பட்டாம்பூச்சியின் கதையைவிடப் பொருத்தமானது கிடையாது. இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் வாழ்ந்த அந்தப் பூச்சி குறையத் தொடங்கியபோது, சேகரிப்பாளர்கள் பிடித்துப் போகிறார்கள் என்று கருதி, வாழ்விடம் ஒன்றுக்கு வேலியிட்டார்கள். வேலி சேகரிப்பாளரைத் தடுத்தது, ஆடுமாடுகளையும் தடுத்தது. 1950களில் மிக்சோமட்டோசிஸ் நோய் முயல்களை அழிக்க, மற்ற இடங்களிலும் புல்லை மேய்வதற்கு ஆளில்லாமல் போயிற்று. 1979இல் அந்தப் பட்டாம்பூச்சி அந்த நாட்டிலிருந்தே மறைந்தது. அதன் புழு முதல் சில வாரங்கள் காட்டுத்தைம் பூவைத் தின்றுவிட்டுக் கீழே விழும். மிர்மிக்கா சபுலெட்டி என்ற எறும்பு அதைத் தன் குஞ்சென்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்பின் முட்டைப்புழுக்களைத் தின்று மாதக்கணக்கில் வளரும். அந்த எறும்புக்கு வெயில் நேரடியாக விழும் சூடான மண் தேவை. புல் ஓரிரு அங்குலம் உயர்ந்தாலே மண் குளிர்ந்து, வேறு எறும்பினம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைம் செடி இருந்தது, இடம் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. ஆடு மட்டும் இல்லை. இதைக் கண்டறிந்து மேய்ச்சலை மீட்ட பிறகு, 1983 முதல் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினார்கள். இப்போது அது அங்கே மறுபடி பறக்கிறது.

குவாரி நிலத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. பாதுகாப்புக்காகக் குவாரியைச் சுற்றி வேலி கட்டாயம் வேண்டும். வெடி வைக்கும் விளிம்பில் ஆடு மேய்வதை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் ஒப்பமாட்டார். விளைவாகப் பத்தாண்டு கழித்து முட்புதர் மூடிய ஒரு ‘பாதுகாக்கப்பட்ட’ நிலம் கிடைக்கும். தீர்வு, வேலிக்குள் இன்னொரு வேலி. குவாரி விளிம்புக்கு ஒரு வேலி, புல்வெளியை மேய்ச்சல் கட்டங்களாகப் பிரிக்க நகர்த்தக்கூடிய மின்வேலி, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு குழாய், வெடி நேரத்தை முன்கூட்டி மேய்ப்பவருக்குச் சொல்லும் ஏற்பாடு. செலவு பெரிதல்ல, யார் பொறுப்பு என்பதுதான் எப்போதும் சிக்கல்.

மேய்ச்சலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடுகள் பகலில் குன்றின்மேல் மேய்ந்தன, இரவில் கீழே உழவு நிலத்தில் கிடை போட்டன. அதாவது புல்வெளியில் தின்றதைச் சாணமாக வயலில் இறக்கின. நூற்றாண்டுகளாக நடந்த இந்த ஏற்பாடு வயலுக்கு உரமானது. அதே நேரத்தில் குன்றின் மண்ணைத் தொடர்ந்து ஏழையாக வைத்திருந்தது. இன்று வசதிக்காகப் புல்வெளியிலேயே கிடை போட்டால், அல்லது வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து அங்கே வைத்தால், மேய்ச்சலின் பயன் பாதி போய்விடும். கிடையைக் குவாரியின் வேறு மூலையில் போடச் சொல்லுங்கள். பூக்கும் பருவத்தில் கட்டம் கட்டமாக நிலத்தை விட்டுவைத்து, விதை உதிர்ந்த பிறகு இறுக்கமாக மேய விடுவது பொதுவாகச் சரிவரும். குடற்புழு மருந்துகளில் சில, சாணத்தில் வாழும் வண்டுகளைக் கொல்லும் என்பதால் மருந்து கொடுத்த மந்தையைச் சில நாட்கள் உள்ளே விடாதிருப்பது நல்லது.

இனி குவாரியால் நேரடியாக வரும் கேடுகள். தூசுதான் எல்லோர் கண்ணிலும் படுவது. ஆனால் அதன் விளைவு பாறைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. சுண்ணாம்புத் தூசு சுண்ணாம்புப் புல்வெளியின்மேல் விழுந்தால் இலைத்துளைகளை அடைக்கும், ஒளியை மறைக்கும். மண்ணின் தன்மையைப் பெரிதாக மாற்றாது. அதே தூசு அமில மண்ணில் வளரும் புல்வெளிமேல் விழுந்தால் மண்ணின் அமிலத்தன்மையையே குறைத்துச் செடிக் கூட்டத்தை மாற்றிவிடும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட பருத்த துகள்கள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் படிந்துவிடும். 10 முதல் 30 மைக்ரான் வரையுள்ளவை 250 முதல் 500 மீட்டர் வரை போகலாம். ஆகவே கிரஷரையும் ஜல்லிக் குவியலையும் லாரிப் பாதையையும் காற்று வீசும் திசையறிந்து புல்வெளியிலிருந்து தள்ளி அமைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். பாதையில் தண்ணீர் தெளிப்பது சரி. தூசு அடங்க உப்பு வகைகளைக் கலந்து தெளித்தால் அது ஓடிப் புல்வெளிக்குள் இறங்காமல் பார்க்க வேண்டும். வண்டல் குட்டைத் தண்ணீரை ‘செடிக்கு நல்லது’ என்று புல்வெளியில் பீய்ச்சுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத கேடு நைட்ரஜன். குவாரிகளில் பரவலாகப் பயன்படும் வெடிமருந்து, டீசல் எண்ணெய் கலந்த அம்மோனியம் நைட்ரேட். அதாவது அடிப்படையில் ஓர் உரம். சிந்தியதும் முழுதாக வெடிக்காததும் மழையில் கரைந்து நைட்ரேட்டாக ஓடும். டீசல் எஞ்சின் புகையும் நைட்ரஜனைச் சேர்க்கும். ஐரோப்பாவில் 2022இல் திருத்தப்பட்ட கணக்குப்படி சுண்ணாம்புப் புல்வெளி தாங்கக்கூடிய நைட்ரஜன் படிவு, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 20 கிலோ வரைதான். வாகனம் நிறைந்த, தீவிர வேளாண்மை நடக்கும் வட்டாரங்களில் குவாரி இல்லாமலேயே அந்த வரம்பை எட்டிவிடுகிறார்கள். எனவே வெடிமருந்து நிரப்பும் இடத்தின் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். நிலத்தடி நீரை இறைப்பதைப் பொறுத்தவரை, வறண்ட பாறைமேல் உள்ள புல்வெளிக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. ஈரப் புல்வெளியாக இருந்தால் அதுவே முதல் ஆபத்து.

பெயர்த்து வைப்பதற்கு வருவோம். இதில் நன்கு அறியப்பட்ட முயற்சி, இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் திரிஸ்லிங்டன் என்ற இடத்தில் 1980களில் நடந்தது. மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்புப் பாறைமேல், செஸ்லேரியா என்ற நீலப்புல் தழைக்கும் அந்தப் புல்வெளி வகை உலகிலேயே மிகக் குறைந்த பரப்பில்தான் இருக்கிறது. குவாரிக்குள் வரவிருந்த பகுதியைத் தடித்த பெரும் பாளங்களாகப் பெயர்த்து, பக்கத்திலேயே, அதே பாறையின்மேல் தயாரித்த நிலத்தில் பதித்தார்கள். பெரும்பாலான செடிகள் பிழைத்தன. ஆனால் அங்கே அமைந்த சாதகங்களை எண்ணிப் பாருங்கள்: அதே பாறை, சில நூறு மீட்டர் தூரம், தடித்த பாளம், பிறகு பல ஆண்டு மேய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக நகர்த்தப்படாத மூலப் புல்வெளி பக்கத்திலேயே இருந்து விதையும் பூச்சியும் தந்துகொண்டிருந்தது. உங்கள் நிர்வாகம் இவற்றில் எத்தனையைத் தரும்? பாளத்துக்குள் செடி வரும். ஆழத்தில் பாறைப் பிளவுக்குள் ஓடிய வேர் வராது, எறும்புப் புற்றின் அடித்தளம் வராது, சரிவின் திசையும் மண்ணின் சூடும் வரா. பிரேசிலில் ‘காங்கா’ எனப்படும் இரும்புப் பாறைத் திடலின்மேல் வளரும் புல்வெளிகளைப் பற்றி இந்தப் பேச்சே எழ முடியாது. அங்கே செடி வேர்விடுவதே பாறையின் விரிசலில்தான், அந்தப் பாறையே வெட்டியெடுக்கப்படும் இரும்புத்தாது.

புதிதாக உருவாக்கிவிடலாம் என்ற வாக்குறுதிக்கும் காலக்கணக்கு உண்டு. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் உழவை நிறுத்திய நிலங்களை ஆராய்ந்தபோது, பழைய புல்வெளி பக்கத்திலேயே இருந்தும், அதன் தாவரக் கூட்டம் முழுதாகத் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது என்று தெரிந்தது. குவாரி உரிமமோ அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

இவ்வளவு சொன்னபின், குவாரி எதிரி மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பார்னக்கில் ‘ஹில்ஸ் அண்ட் ஹோல்ஸ்’ என்று அழைக்கப்படும் மேடுபள்ளமான புல்வெளி, பீட்டர்பரோ, ஈலி பேராலயங்களுக்குக் கல் கொடுத்த இடைக்காலக் குவாரி. கல் தீர்ந்து ஏறத்தாழ 500 ஆண்டுகளாகின்றன. இன்று அங்கே அரிய பாஸ்க் மலர்கள் பூக்கின்றன. பெல்ஜிய, ஜெர்மானிய எல்லையில் பழைய துத்தநாகச் சுரங்கக் கழிவின்மேல் அந்த நச்சைத் தாங்கும் மஞ்சள் வயலட் இனம் வாழ்கிறது. சுரங்கம் இல்லாவிட்டால் அதற்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. மண் வழிக்கப்பட்ட பாறைத் தரை, உரமேறாத நிலம் என்பது உழவும் உரமும் நிறைந்த நிலப்பரப்பில் கிடைப்பதற்கரிய பொருள். உங்கள் புல்வெளிக்குப் பக்கத்தில் வேலை முடிந்த படிக்கட்டுத் தளமோ பாறைத் தரையோ இருந்தால், அது எதிர்காலத்தில் புல்வெளி விரியக்கூடிய இடம்.

அதற்குச் செய்ய வேண்டியது எளிது. செய்யாமல் விட வேண்டியதுதான் அதிகம். மேல்மண் போடாதீர்கள். பாறைச் சிதைவும் சுண்ணாம்புத் துகளும் கலந்த மெல்லிய பரப்பை, மேடும் பள்ளமுமாக, கனரக வண்டிகள் அழுத்தாமல் விடுங்கள். மூலப் புல்வெளியில் விதை முற்றும் நேரத்தில் ஒரு பகுதியை அறுத்து, அன்றைக்கே, பச்சையாகவே, புதிய தரையில் பரப்புங்கள். குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறி விதை கெடும். எல்லாப் பகுதியையும் ஒரே ஆண்டில் அறுக்காமல், வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வாரங்களில் அறுத்தால் முன்பூப்பதும் பின்பூப்பதும் சேரும். குளிர்காலமுள்ள நாடுகளில் ரைனாந்தஸ் என்ற பாதி ஒட்டுண்ணிச் செடியை விதைக்கிறார்கள். அது முரட்டுப் புல்லின் வேரை உறிஞ்சி அடக்கி மற்றவற்றுக்கு இடம் விடுகிறது. அதன் விதை மண்ணில் நெடுநாள் தாங்காது, முளைக்கக் குளிரும் வேண்டும் என்பதால் அந்த ஆண்டின் விதையை இலையுதிர்காலத்திலேயே தூவ வேண்டும். புல்வெளி மண்ணையே எடுக்க நேர்ந்தால், உயரமாகக் குவிக்காமல் உடனே பரப்புங்கள். ஆழக் குவியலின் உள்ளே காற்றின்றி விதையும் வேரோடு வாழும் பூஞ்சைகளும் மடிந்துவிடும். ஆர்கிடுகளுக்கு அந்தப் பூஞ்சை இல்லாமல் முளைப்பே இல்லை.

புல்வெளி இன்று நன்றாகத் தெரிவதை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம். எஸ்டோனியாவின் ‘அல்வார்’ சுண்ணாம்புப் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள், இன்றைய செடியினங்களின் எண்ணிக்கை இன்றைய பரப்போடு பொருந்தாமல், சுமார் 70 ஆண்டுகளுக்கு முந்தைய பரப்போடு பொருந்துவதைக் கண்டார்கள். நீண்ட ஆயுளுள்ள செடிகள் கடன் வாங்கிய காலத்தில் நின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள். துண்டின் பரப்பு குறைந்த விளைவு நம் பிள்ளைகள் காலத்தில் தெரியவரும். ஆகவே அசையாத இரும்புக் குச்சிகளால் குறிக்கப்பட்ட நிரந்தரப் பதிவுச் சதுரங்கள், சில குவாரி விளிம்பிலும் சில தொலைவிலும், ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் பதிவு, அதே கோணத்தில் ஒரு புகைப்படம் ஆகியவை வேண்டும். தொலைவிலுள்ள சதுரம் இல்லாவிட்டால், செடியினங்கள் குறைந்தது குவாரியாலா மழை பொய்த்ததாலா என்ற சண்டையிலேயே ஆண்டுகள் போகும்.

நிர்வாகத்தோடு பேசும்போது முறையான வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் தவிர்த்தல், பிறகு குறைத்தல், பிறகு சீரமைத்தல், கடைசியில்தான் ஈடு செய்தல். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012ஆம் ஆண்டுச் செயல்தர விதி 6, இயற்கையான வாழ்விடத்தில் இயன்ற இடமெல்லாம் உயிரின வளத்தில் நிகர இழப்பின்மையையும், மிக முக்கியமான வாழ்விடத்தில் நிகர ஆதாயத்தையும் கேட்கிறது. பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பல வங்கிகள் இதைப் பின்பற்றுகின்றன என்பதால், சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் இது கைகொடுக்கலாம். பெயர்த்து வைத்தலை முதல் படியாக நீட்டினால், தோண்டும் எல்லையை எத்தனை மீட்டர் நகர்த்தினால் பெயர்க்கவே தேவையில்லை, அதனால் எத்தனை டன் கல் இழப்பு என்ற கணக்கைக் கேளுங்கள். புல்வெளி இருக்கும் மெல்லிய விளிம்பில் கல் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பல இடங்களில் அந்தக் கணக்கை யாரும் போட்டே பார்த்திருக்கமாட்டார்கள். அதோடு மேய்ச்சலுக்கான பணம் குவாரி மூடிய பிறகு எங்கிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும், அது தனிக் கணக்கில் முன்கூட்டியே போடப்படுமா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு விடையும் எண்ணாக எழுத்தில் வரும்வரை பெயர்ப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டாம்.